வந்தவன் பெயரில் ஒரு த

கொக்கு இந்த முறையும் தாமதமாகத்தான் வந்தான். திரையில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் கூடைக்கு அடியில் பந்தோடு எழும்ப, எங்கிருந்தோ நெடுநெடுவென்று ஓடிவந்த கொக்கு தன் நீண்ட கையை வீசினான். விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பந்து வலைக்குள் போய் விழுந்தது. அவள் படத்தை நிறுத்தி, இடது கையின் நடுவிரலால் ஒரு விசையைத் தட்டினாள். பட்டியலில் இருபத்துமூன்றாம் எண்ணுக்கு நேராக இன்னொரு 'த' விழுந்தது. தாமதம். இந்தப் பருவத்தில் அவன் பெயரில் விழுந்த அறுபத்தொன்றாவது த. அணியில் வேறு யாருக்கும் இருபதைத் தாண்டவில்லை.

அவளுடைய அறை பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருந்தது. முன்பு பந்துகள் போட்டுவைத்திருந்த அறை. கூரை படியோடு படியாகச் சரிந்து வந்து, அவள் மேசைக்குப் பின்னால் ஆள் நிமிர முடியாத உயரத்தில் முடியும். ஜன்னல் கிடையாது. ரப்பர் வாசனை பதினான்கு வருடமாகியும் போகவில்லை. இரண்டு திரைகள், ஓர் இரும்பு அலமாரி, இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலியில் அவளுடைய பை உட்கார்ந்திருக்கும். அந்தக் கூடைப்பந்து கிளப்பில் எல்லோருக்கும் அவள் 'ரீவைண்டக்கா'. அவளைவிட மூத்தவரான மேனேஜருக்குக்கூட. யாராவது அவளை உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ தேடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

வேலை என்னவென்றால், ஆட்டத்தை எழுத்துகளாக மாற்றுவது. ஒவ்வொரு ஆட்டத்தையும் மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை பந்தை மட்டும். இரண்டாவது முறை பந்து இல்லாதவர்களை. மூன்றாவது முறை யாராவது ஒரே ஓர் ஆளை, அவன் பந்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும். பந்து கைவிட்டுப் போனால் ஓர் எழுத்து, எதிரியின் வழியை அடைத்தால் ஓர் எழுத்து, தடுக்கப் போய்ப் பிந்தினால் 'த'. இரண்டு மணி நேர ஆட்டம் நாலு பக்க எழுத்தாக வற்றிப்போகும். அந்த நாலு பக்கத்தை வைத்துத்தான் கோச் அடுத்த வாரம் யாரைத் திட்டுவது என்று முடிவு செய்வார். மற்ற கிளப்புகள் வீடியோ கேட்டால் அந்தப் பக்கங்களும் சேர்ந்தே போகும்.

'த'வுக்கு ஒரு விதி உண்டு. கூடை விழும்போது எறிந்தவனுக்கு மிக அருகில் இருந்து, தடுக்கப் போய்ப் பிந்தியவன் யாரோ அவன் பெயரில் போட வேண்டும். விதி அவள் வகுத்ததுதான். வேலைக்கு வந்த புதிதில், யார் உட்கார்ந்து எழுதினாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தாள். அப்போதிருந்த கோச்சுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மேனேஜர் வாசலிலேயே நின்றார். அவர் உள்ளே வரமாட்டார். இரண்டு முறை கூரையில் மண்டையை இடித்துக்கொண்டவர்.

"ரீவைண்டக்கா, கொக்கு சமாச்சாரம். திங்கக்கிழமை சாயங்காலத்தோட கெடு முடியுது. அதுக்குள்ள ஒப்பந்த நீட்டிப்புக் கடிதம் குடுத்தா நம்ம ஆளு. குடுக்கலைன்னா அவன் வழி அவனுக்கு. நாளைக்கு நாலு மணிக்கு உக்காரலாம். உங்க ரிப்போர்ட் வேணும்."

"எத்தனை பக்கம்?"

"ஒண்ணு. அதுக்கு மேல எழுதினா நான் படிக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "விட்டுடலாம்னுதான் கோச் நினைக்கிறாரு. ஆனா இருபத்திரண்டு வயசுப் பையனை மூணு வருஷத்துல துரத்தி விட்டோம்னு பேரு வரக் கூடாது பாருங்க. அதனால நல்லதாவும் நாலு வரி சேத்துக்குங்க," என்றார்.

அந்த நல்ல நாலு வரியைத் தேடப் போய்த்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

'த' விழுந்த ஒவ்வொரு துண்டுப் படமும் கூடைக்கு நான்கு நொடி முன்பிருந்து தொடங்கும். ஏன் நான்கு என்றால், பதினான்கு வருடத்துக்கு முந்தைய கணினியில் இடம் போதாது. ஐந்து நொடியாக வெட்டினால் பருவம் முடிவதற்குள் அது மூச்சடைத்து நின்றுவிடும். பிறகு மூன்று கணினிகள் மாறிவிட்டன. நான்கு நொடி மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். இப்போது நல்லதாக ஏதாவது அகப்படுமா என்று, துண்டுகளை விட்டுவிட்டு முழு ஆட்டத்தை ஓடவிட்டு, கொக்கை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு கூடை விழப்போகிறது. அதற்கு ஏழு நொடி முன்பு கொக்கு எங்கே இருக்கிறான்?

சரியான இடத்தில் இருந்தான். தன் ஆளின் மார்புக்கு ஒரு கை தூரத்தில், முழங்கால் மடக்கி, பாடப் புத்தகத்தில் போட்ட படம் மாதிரி. பிறகு பந்து இன்னும் வெளியே இருக்கும்போதே அவனுடைய வலது பாதம் மெல்லத் திரும்பியது. அடுத்த கணம் தன் ஆளை விட்டுவிட்டுக் களத்தின் நடுவுக்கு ஓடினான். அங்கே போய் ஒருவனுடைய வழியை மறித்தான். வழி அடைபட்டவன் பந்தை, கொக்கு விட்டுவந்த ஆளுக்குத் தூக்கிப் போட்டான். கொக்கு விழுந்தடித்துத் திரும்பி ஓடினான். நான்கு நொடித் துண்டு அந்த ஓட்டத்தின் பாதியிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் தெரிவதெல்லாம், எங்கோ பராக்குப் பார்த்துவிட்டு அரக்கப்பரக்க வரும் ஒருவன்.

நடுவில் அவன் மறித்தது யாருடைய ஆள்?

அவள் திரும்பப் பார்த்தாள். கேப்டனுடைய ஆள்.

இந்த விளையாட்டில் தடுப்பது எப்படி என்றால், ஐந்து பேருக்கும் தலைக்கு ஓர் ஆள். அவரவர் ஆள் கூடைக்குப் போகும் வழியை அவரவர் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் கோட்டை விட்டால், பக்கத்தில் இருப்பவர் தன் ஆளை அப்படியே விட்டுவிட்டு அந்த ஓட்டையை அடைக்கப் போகலாம். போகாமலும் இருக்கலாம். போனால் அவருடைய ஆள் கேட்பாரற்று நிற்பான். போகாவிட்டால் யாரும் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. அவருடைய ஆள் அவர் முன்னால்தானே நிற்கிறான்.

அவள் கேப்டனை மட்டும் பார்க்கத் தொடங்கினாள். கேப்டன் களத்தில் ஓயாமல் பேசுவார், கையைக் காட்டுவார், ஆட்களை அங்கே இங்கே அனுப்புவார். பார்ப்பவர்களுக்கு அவர்தான் மொத்தத் தடுப்பையும் தாங்குவது போல் இருக்கும். அந்தக் கையை மறந்துவிட்டுக் காலை மட்டும் பார்த்தால் வேறு கதை. இடது பக்கமாக ஓர் ஆள் வெட்டிப் போனால் கேப்டனின் இடது கால் தரையை உந்துவதே இல்லை. ஒரு தப்படி வைப்பது போல் தோளை அசைப்பார். அவ்வளவுதான். ஏழாவது ஆட்டத்திலிருந்து இப்படி. ஏழாவது ஆட்டத்திலிருந்துதான் கொக்கின் பெயரில் 'த' ஏறத் தொடங்கியிருந்தது.

மதியச் சாப்பாட்டை மறந்து அவள் அறுபத்தொன்றையும் பார்த்தாள். பதினேழு அவனுடைய தப்புதான். ஒன்றில் கூட்டத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மீதி நாற்பத்துநான்கும் கேப்டன் விட்ட ஆளைப் பிடிக்கப் போய்ப் பிந்தியவை. அந்த நாற்பத்துநான்கிலும் கேப்டன் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை. இருக்க முடியாது. விதி அப்படி. வந்து பிந்தியவனுக்கு எழுத்து உண்டு. வராதவர் கூடைக்குப் பக்கத்திலேயே இல்லை. அவருக்கு என்ன எழுத்து போடுவது?

அவள் எழுந்து, சரிந்த கூரைக்குக் கீழே குனிந்தபடி ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அம்மா படுத்த படுக்கையாகப் பதினோரு வருடம் இருந்தாள். தூக்கி உட்காரவைத்தது, துடைத்துவிட்டது, மாத்திரை கரைத்துக் கொடுத்தது எல்லாம் இவள்தான். அந்த ஒரு நாள், ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதுவும் சமன், இன்னொரு முறை கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது நாற்பது நிமிடம் பிந்தியிருந்தது. வாசலில் பக்கத்து வீட்டம்மா நின்றிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. தம்பி மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான். வந்தவர்களெல்லாம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவளிடம், "கடைசி நேரத்துல பக்கத்துல இல்லாமப் போயிட்டியேம்மா," என்றார்கள். சொன்னவர்களில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அருகில் இருந்து பிந்தியவள் அவள்தானே.

நாலு மணிப் பயிற்சிக்கு முன்னால் கொக்கு வந்து கதவைத் தட்டினான். வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறு காலின் ஷூ நாடாவை இழுத்துக் கட்டினான். அந்தப் பெயர் வந்ததே இந்தப் பழக்கத்தால்தான். உட்கார்ந்து நாடா கட்டி அவனை யாரும் பார்த்ததில்லை.

"ரீவைண்டக்கா, ஞாயித்துக்கிழமை எம்பிப் பந்தை வளையத்துக்குள்ள அறைஞ்சு ஒரு டங்க் அடிச்சேன்ல? அதை மட்டும் வெட்டித் தர்றீங்களா? பாட்டு போட்டு ஏத்தணும்."

மூன்று வருடத்தில் அவன் இந்த அறைக்கு வந்ததெல்லாம் இதற்குத்தான். ஆகவே அவனைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"உக்காரு," என்றாள்.

அவன் நாற்காலியையும் அதிலிருந்த பையையும் பார்த்தான். அவள் பையை எடுத்துத் தரையில் வைத்தாள். கொக்கு மடங்கி மடங்கி உட்கார்ந்தான். அவள் ஒரு துண்டை ஏழு நொடியாக ஓடவிட்டு, நடுவில் நிறுத்தினாள்.

"உன் ஆள் இங்க நிக்கிறான். நீ ஏன் அங்க போன?"

"எங்க?"

"இதோ, இங்க."

"அங்க ஆள் இல்லையேக்கா."

"கேப்டன் இருக்காரே."

அவன் கழுத்தைச் சொறிந்தான். "இருக்காரு..." என்று இழுத்தான். பிறகு, "இருக்காருதான்," என்றான். பிறகு, "அக்கா, நான் சொன்னேன்னு எதுவும் எழுதிடாதீங்க, ப்ளீஸ்."

"அவர் போகச் சொன்னாரா?"

"யாரும் சொல்லலைக்கா. ஒரு மேட்ச்ல ஓடிப்போய் அடைச்சேன். 'சபாஷ்டா'ன்னு முதுகுல ஒண்ணு வச்சாரு. கேப்டன் என்னைத் தட்டிக்குடுத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த தடவையும் போனேன். அப்படியே பழகிடுச்சு."

"கோச் அந்தத் திட்டு திட்டறாரே, அப்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? அவரால முடியலைன்னா?" அவன் சிரித்தான். "நான் லேட்டுதானேக்கா. லேட்டாத்தானே போய்ச் சேர்றேன். எங்கம்மாகூட அதைத்தான் சொல்லும், இவன் பல்லு விளக்கி முடிக்கறதுக்குள்ள ஊரே மத்தியானச் சாப்பாடு முடிச்சிடும்னு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டு, விரல் நகத்தைப் பார்த்தபடி கேட்டான்: "நீட்டிப்பாங்களாக்கா? உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்னு பசங்க சொல்றாங்க."

"வேற எங்கயாவது கேட்டிருக்காங்களா?"

"ரெண்டு இடத்துல வீடியோ வாங்கிப் பாத்தாங்க. அதோட போனை எடுக்கறதில்லை." தவறவிட்ட பேருந்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். "இங்கயும் இல்லைன்னா மாமா கடைக்குப் போக வேண்டியதுதான். டைல்ஸ் கடை. இந்த உயரத்துக்கு மேல்தட்டுச் சாமான் எடுக்க ஏணியே வேண்டாம்னு இப்பவே கூப்பிடறாரு."

வீடியோவோடு என்ன போனது என்று அவளுக்குத் தெரியும். அவள் கையால் போட்ட எழுத்துகள் போயின. அவனுக்கு டங்கை வெட்டிக் கொடுத்தாள். அவன் எழும்போது கூரையில் தலையை இடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ," என்றான்.

மறுநாள் காலை கேப்டன் இரண்டு காகிதக் கோப்பைகளில் டீயோடு வந்தார். வெள்ளிக்கிழமை வழக்கம் இது. ஆறு வருடமாக நடக்கிறது. அம்மா போன வாரத்தில் தொடங்கியது. அப்போது கிளப்பிலிருந்து எல்லோரும் சேர்ந்து வந்து, வரிசையாக நின்றுவிட்டுப் போனார்கள். கேப்டன் மட்டும் அடுத்த வெள்ளி இந்த அறைக்கு வந்து, நாற்காலியிலிருந்த பையைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். வாரத்தில் அவளோடு ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அந்தக் கால் மணிதான். வேறு கிளப்புக்காரர்களைக் கிண்டல் செய்வார், மகளின் பள்ளிக்கூடத்துச் சேட்டைகளைச் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமையே அந்த டீயின் நினைவு வந்துவிடும்.

இன்றும் பையை மடியில் வைத்துக்கொண்டார். உட்காரும்போது இடது காலை முன்னால் நீட்டிவைத்தே உட்கார்ந்தார். எத்தனை வெள்ளி இதைப் பார்த்திருக்கிறாள்.

"முட்டி எப்படி இருக்கு, கேப்டன்?"

"எந்த முட்டி?" கேப்டன் சிரித்தார். "முப்பத்தஞ்சு வயசுல முட்டின்னு ஒண்ணு இருக்கறதே பெரிய விஷயம்க்கா. அதுக்கு நலம் வேற விசாரிக்கணுமா?"

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரை அணைந்திருந்தது. அதில் இருவரும் மங்கலாகத் தெரிந்தார்கள்.

"கொக்கு ரிப்போர்ட் எழுதியாச்சா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"பையன் தங்கம். மனசுல ஒண்ணும் கிடையாது. கையும் நீளம்." டீயை ஊதினார். "ஆனா லேட்டுக்கா. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

டீ ஆறிப்போய்ச் சற்று நேரமாகியிருந்தது. அவர் ஊதிக்கொண்டே இருந்தார். அவளைப் பார்க்கவில்லை. இவருக்குத் தெரியும், என்று அவளுக்குப் பட்டது. அடுத்த நிமிடமே, தெரியாமலும் இருக்கலாம், என்றும் பட்டது. தன்னால் முடியவில்லை என்பதை உடம்பு எத்தனையோ விதமாக மறைத்துவைக்கும், முதலில் அந்த உடம்புக்குரியவரிடமிருந்தே. கேப்டன் எழுந்து, பையைத் திரும்ப நாற்காலியில் பத்திரமாக வைத்தார். "வரேன்க்கா," என்றார். அடுத்த வெள்ளி என்று சொல்லவில்லை. அதை என்றைக்குமே சொன்னதில்லை, வந்துவிடுவார்.

கதவு சாத்தியதும் அவள் ரிப்போர்ட்டைத் திறந்தாள். எழுதாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று பார்த்தாள். ஒரே பக்கம். அறுபத்தொன்று என்ற எண் ஏற்கனவே இருக்கிறது. அது பொய்யும் இல்லை. நான்கு நொடிக்கு முந்தைய மூன்று நொடியை உலகத்தில் வேறு யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. பையன் டைல்ஸ் கடையில் ஏணியில்லாமல் சாமான் எடுப்பான், அவனுக்கு எங்கே போனாலும் சிரிக்கத் தெரியும். வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டிருக்கும்.

மணி பன்னிரண்டு ஆனபோது பட்டியலில் ஒரு புதிய பத்தி சேர்த்தாள். தலைப்பில் 'வ' என்று போட்டாள். வரவில்லை. பிறகு நாற்பத்துநான்கு முறை, ஒவ்வொன்றாக, கேப்டனின் எண்ணுக்கு நேரே அந்த விசையைத் தட்டினாள். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம். அவள் ஒவ்வொன்றாகத்தான் போட்டாள்.

நாலு மணிக்கு மேனேஜர் அறையில் மூன்று பேர். மேனேஜர், கோச், அவள். கோச் பருத்த மனிதர். கழுத்தில் விசிலோடுதான் வீட்டில் தூங்குவார் என்று பையன்கள் சொல்வார்கள். அவள் படத்தை ஓடவிட்டாள். முதலில் நான்கு நொடி, பிறகு அதே படம் ஏழு நொடி. ஆறாவது துண்டில் கோச் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்ல வர்றீங்க? கேப்டனுக்கு ஓட முடியலைன்னா?"

"இடது பக்கம் முடியலை."

"அந்த ஆளோட நான் பத்து வருஷமாக் குப்பை கொட்டறேன். எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, அந்தப் பொந்துக்குள்ள உக்காந்துக்கிட்டு."

"நீங்க பந்தைப் பாப்பீங்க, கோச். எல்லாரும் பந்தைத்தான் பாப்பாங்க. நானும் அவர் காலைப் பாக்கலை, நேத்து வரைக்கும்."

"அப்ப பதினாலு வருஷமா நீங்க போட்ட கணக்கு தப்புன்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா," என்றாள். "தப்பு என்னோடது."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இப்படி ஆனதில் அவர் முகம் வாடியிருந்தது. கோச் ஜன்னல்வரை போனார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

"சரி. ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு. கொக்குகிட்ட நான் சொல்லிடறேன், என்ன ஆனாலும் உன் ஆளை விட்டு நகரக் கூடாதுன்னு. நீங்க சொல்றது நிஜம்னா நடுவுல ஓட்டை தானாத் தெரியும். தெரியலைன்னா பையன் அவன் வழியைப் பாத்துக்கட்டும்."

"கேப்டன்கிட்ட?" என்றார் மேனேஜர்.

"அவர்கிட்ட ஏன் சொல்லணும்? தெரிஞ்சா சமாளிச்சிடுவாரு. இவங்க சொல்ற மாதிரி இருந்தா, இத்தனை நாளும் சமாளிச்சிருக்காரே." அவளைத் திரும்பிப் பார்க்காமலே கோச் வெளியே போனார்.

சனிக்கிழமை மாலை தம்பி போன் செய்தான். ஒவ்வொரு சனியும் செய்வான். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். அவள் ரொட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்க?"

"நல்லா இருக்கேன்டா."

"வேலை?"

"போகுது." பிறகு என்னவோ தோன்றி, "நீ அன்னைக்கு எங்கடா இருந்த?" என்று கேட்டுவிட்டாள்.

"என்னைக்குக்கா?"

அடுப்பில் ரொட்டியின் ஓரம் கருகும் வாசனை வந்தது. "ஒண்ணுமில்ல. போன வாரம் ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்கலையேன்னு கேட்டேன்," என்றாள். போன வாரம் அவள் போன் செய்யவே இல்லை. அவன் மன்னிப்புக் கேட்டான். மீட்டிங் என்றான். பரவாயில்லை என்றாள். போனை வைத்த பிறகு, கருகிய ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு மீதியை நின்றபடியே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். ஆட்ட நாளில் அவள் இடம் கடைசிப் படிக்கும் மேலே, கேமராவுக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் பத்துப் பேரும் உள்ளங்கையில் தெரிவார்கள். அரங்கில் பாதிக்கு மேல் கூட்டம். மேனேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோச் கையைக் கட்டிக்கொண்டு கோட்டருகே நின்றார். கேப்டன் நடுவில் நின்று, கையை நீட்டி நீட்டி எல்லோரையும் அவரவர் இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். படியேறி வரும் வழியில் அவரைத் தாண்டித்தான் அவள் வந்தாள். "என்னக்கா, லென்ஸ் துடைச்சாச்சா? இன்னைக்கு அழகாத் தெரியணும், பொண்ணு வந்திருக்கா," என்று சிரித்தார். மூன்றாவது வரிசையில் அவர் மகள் ஒரு பெரிய பலூனை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் எட்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எதிரணி வலது பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் கேப்டன் அடைத்துவிடுவார். அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. தப்பாகப் பார்த்திருக்கலாம். முட்டி சரியாகியிருக்கலாம். இந்த ஒருநாள் எதிரணிக்காரர்கள் யாரும் இடது பக்கம் போகாமல் இருந்துவிடலாம். அப்படி ஆனால் கொக்கின் கதி என்ன என்று நினைத்ததும் அந்த ஆசையைப் பாதியிலேயே விழுங்கினாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தட்டியபடி கேப்டனுக்கு எதிரே வந்து நின்றான். குட்டையான, சுறுசுறுப்பான ஆள். வலது பக்கம் ஓர் ஏமாற்று, பிறகு இடது பக்கம் பாய்ந்தான். கேப்டனின் தோள் அசைந்தது. கால் அசையவில்லை.

அவள் கொக்கைப் பார்த்தாள். அவனுடைய வலது பாதம் திரும்பியது. உடம்பே நடுப்பக்கம் சாய்ந்தது. அப்படியே நின்றான். தன் ஆளின் மார்புக்கு ஒரு கை தூரத்தில், முழங்கால் மடக்கி, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றான். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து வைத்திருப்பது போல இருந்தது.

நடுவில் ஒரு வழி திறந்தது. ஒரு வண்டி போகும் அகலம். மஞ்சள் சட்டைக்காரன் அதற்குள் நுழைந்தவன், யாரும் மறிக்க வராததில் ஒரு கணம் அவனே திகைத்து, வேகத்தைக் குறைத்து, மாடியில் துணி எடுப்பவன் போல நிதானமாகப் பந்தை வலைக்குள் போட்டான். அவனைச் சுற்றி ஐந்தடிக்கு ஆள் இல்லை.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். வழக்கமாக அங்கே வந்து நிற்கும் ஆளைத் தேடினார். கொக்கு தன் இடத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேப்டன் கோச்சைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, படிகளுக்கு மேலே, கேமராவைப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவே யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கண்ணாடிக்குள் ஒரு முகம் நேராகத் திரும்பி அவள் கண்டதே இல்லை.

இந்த விளையாட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஃபவுல் செய்தவர் தானே கையை உயர்த்த வேண்டும். நடுவருக்காக அல்ல, மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்காக. நான்தான் செய்தேன், என் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு கோபம் இருந்தாலும், பொய்யாகவே விசில் ஊதியிருந்தாலும் கை உயர்ந்தாக வேண்டும். பிறகு விதியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆடும் பையன்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. கேப்டன் ஆட வந்த காலத்தில் வயதான கோச்சுகள் சிலர் இன்னும் அதைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதப் பழகியதும் அப்படி உயர்ந்த கைகளைப் பார்த்துத்தான்.

கேப்டனின் வலது கை மெல்ல மேலே போனது. முழங்கை மடங்காமல், விரல்கள் சேர்ந்து, நேராக.

நடுவர் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார். விசில் ஊதவில்லை. யாரும் யாரையும் தொடவில்லை. அதற்குள் கொக்கு பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிந்துவிட்டான், ஒன்பது பேரும் மறுகோடிக்கு ஓடத் தொடங்கினார்கள். கேமரா பந்தோடு போக வேண்டும். கைப்பிடியில் இருந்த அவள் கை திரும்பவில்லை. கேமராவின் சதுரத்துக்குள் பாதி ஆடுகளம் வெறுமையாகக் கிடந்தது. பளபளக்கும் மரத் தரை, இன்னும் ஆடி நிற்காத வலை, நடுவில் கையை உயர்த்திக்கொண்டு ஒரு மனிதர். சதுரத்துக்கு வெளியே எங்கோ பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.